மாதம் 15,005 ரூபாய்: உயர் நீதிமன்ற நீதிபதிகளின் ஓய்வூதிய வழக்கு

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிப்போம். 45,016 ரூபாயை 4-ஆல் பெருக்குங்கள். 1,80,064 வரும். அதை 12-ஆல் வகுத்தால் 15,005 ரூபாய், சில்லறை. உயர் நீதிமன்றத்தில் நாலு வருடம் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்குச் சட்டத்தின் ஒரு அட்டவணைப்படி மாதாமாதம் கிடைக்கக்கூடிய ஓய்வூதியம் இது. பதவியில் இருந்த கடைசி மாதம் அவர் வாங்கிய அடிப்படைச் சம்பளம் 2,25,000 ரூபாய்.

கற்பனைக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். 2024-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் இருந்து ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தமக்கு மாதம் 15,000 சொச்சம்தான் ஓய்வூதியம் வருகிறது என்று உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டபோது, அமர்விலிருந்த நீதிபதிகளே ஒரு கணம் திகைத்துப் போனார்கள். ஒரு தலைமை எழுத்தர் ஓய்வு பெற்றால்கூட இதைவிடக் கூடுதலாக வாங்குவாரே, இது எப்படி நடந்தது என்பதுதான் கேள்வி. யாரும் தவறு செய்யவில்லை, யாரும் கோப்பைத் தொலைக்கவில்லை. சட்டத்தில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் கூட்டிக் கழித்ததில் வந்த தொகை அது.

இந்தக் கேள்விக்கான விடை 2025 மே 19-ஆம் தேதி வந்தது. தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதிகள் அகஸ்டின் ஜார்ஜ் மசி, கே. வினோத் சந்திரன் ஆகிய மூவர் அமர்வு அளித்த தீர்ப்பு. மாவட்ட நீதித்துறையிலும் உயர் நீதிமன்றத்திலும் ஆற்றிய பணியைச் சேர்த்து ஓய்வூதியத்தை மறுநிர்ணயம் செய்வது பற்றி உச்ச நீதிமன்றமே தானாக எடுத்துக்கொண்ட விஷயமும், அதோடு சேர்ந்து வந்த ரிட் மனுக்களும் ஒன்றாக விசாரிக்கப்பட்டன. உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற எல்லோருக்கும் ஆண்டுக்கு 15 லட்சம், மற்ற எல்லா நீதிபதிகளுக்கும் 13.5 லட்சம். எந்த வழியில் வந்தார், எத்தனை வருடம் இருந்தார், கூடுதல் நீதிபதியா நிரந்தர நீதிபதியா என்பதெல்லாம் இனிமேல் கணக்கில்லை. பதவியில் இருக்கும்போதே இறந்தவர்களின் குடும்பத்துக்கும் இதே சமத்துவம்.

தொகையைக் கேட்டதும் "நீதிபதிகளுக்கு நீதிபதிகளே ஓய்வூதியம் போட்டுக்கொண்டார்கள்" என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். அப்படிப் பலர் போனார்கள். எனக்கும் முதலில் அந்த எண்ணம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோப்பைப் பிரித்துப் பார்த்தால், ஓய்வூதியப் பிரிவில் காலம் தள்ளிய எவருக்கும் பழகிப்போன சிக்கல்கள்தான் இதிலும் இருக்கின்றன: பணி முறிவு, புதிய பென்ஷன் திட்டம், தகுதிக் காலம் சில மாதம் குறைவது, கணவர் போனபிறகு மனைவி அலைவது.

உயர் நீதிமன்ற நீதிபதி ஆவதற்கு அரசியலமைப்பின் 217-வது பிரிவு இரண்டு வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. 10 ஆண்டு நீதித்துறைப் பதவி வகித்திருக்க வேண்டும், அல்லது 10 ஆண்டு உயர் நீதிமன்றத்தில் வக்கீலாக இருந்திருக்க வேண்டும். முன்சீப்பாகவோ மாவட்ட நீதிபதியாகவோ சேர்ந்து மேலே வருபவர்கள் முதல் வகை. கறுப்பு அங்கியோடு பாரிலிருந்து, அதாவது வக்கீல் தொழிலிலிருந்து, நேராக வருபவர்கள் இரண்டாவது வகை. உள்ளே வந்துவிட்டால் அப்புறம் ஒரு வித்தியாசமும் இல்லை. அதே இருக்கை, அதே அதிகாரம், அதே சம்பளம். 1950-ல் மாதம் 3,500, 1986-ல் 8,000, 1996-ல் 26,000, 2006-ல் 80,000, 2016 முதல் 2,25,000 என்று எல்லோருக்கும் ஒன்றாகத்தான் ஏறி வந்திருக்கிறது.

62 வயது முடிந்து இறங்கும் நாளில்தான் எந்த வாசல் வழியாக வந்தீர்கள் என்ற கேள்வி எழுகிறது. இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. உயர் நீதிமன்ற நீதிபதியின் சம்பளம் மாநிலத்தின் தொகுப்பு நிதியிலிருந்து வருகிறது. ஓய்வூதியமோ இந்தியத் தொகுப்பு நிதியின் மீது சுமத்தப்பட்ட செலவு. அதாவது நேற்றுவரை சென்னையோ பாட்னாவோ சம்பளம் கொடுத்தது, இன்றிலிருந்து டெல்லி கொடுக்க வேண்டும். ஒருவர் மாவட்ட நீதிபதியாக 30 வருடம் மாநிலத்துக்கு உழைத்தவர் என்றால் அந்தக் கணக்கு மாநிலத்திடம் இருக்கும், கடைசி நாலு வருடம் பற்றிய முடிவு மத்திய அரசிடம் இருக்கும். இரண்டு அலுவலகத்துக்கு நடுவில் ஒரு கோப்பு போய் வந்தால் என்ன ஆகும் என்பதை அரசு ஊழியர் வீட்டில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஓய்வூதியத்தை நிர்ணயிப்பது 1954-ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற நீதிபதிகள் சம்பளம் மற்றும் பணி நிபந்தனைகள் சட்டம். அதன் முதல் அட்டவணைதான் விஷயமே. பாரிலிருந்து வந்தவர்களுக்கு முதல் பகுதி: முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 96,524 ரூபாய், உச்சவரம்பு ஆண்டுக்கு 13.5 லட்சம். பணியிலிருந்து வந்தவர்களுக்கு மூன்றாம் பகுதி: அவர்களுடைய பழைய பணியின் சாதாரண விதிப்படி வரும் ஓய்வூதியம், அதற்கு மேல் உயர் நீதிமன்றத்தில் முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 45,016 ரூபாய். உச்சவரம்பு அதேதான். (இரண்டாம் பகுதி வெள்ளைக்காரர் காலத்து ஐ.சி.எஸ். அதிகாரிகளுக்கானது. அவர்கள் யாரும் இப்போது இல்லை, பகுதி மட்டும் இருக்கிறது.)

முதலில் மூக்கைச் சிந்தியவர்கள் பார்க்காரர்கள்தான். 96,524-ஐ வைத்து 13.5 லட்சத்தைத் தொட வேண்டுமானால் 14 வருடம் வேண்டும். 50 வயதுக்கு மேல் நியமிக்கப்பட்டவர் 62-க்குள் அதை எட்ட வழியே இல்லை. மாவட்ட நீதிபதியாக இருந்து வந்தவருக்கோ பழைய பணிக்காலம் முழுவதும் சேர்ந்துவிடும் என்பதால், உயர் நீதிமன்றத்தில் இரண்டு வருடம் மட்டும் இருந்தாலும் உச்சவரம்பை நெருங்கிவிடுவார். நன்றாக நடந்துகொண்டிருந்த வக்கீல் தொழிலை விட்டுவிட்டு வந்தவருக்கு இது அநியாயம் என்று வழக்கு வந்தது.

அந்த வழக்கில் 2014 மார்ச் 31-ல் தீர்ப்பு. பி. ராமகிருஷ்ணம் ராஜு எதிர் இந்திய ஒன்றியம். எழுதிய அமர்வுக்குத் தலைமை வகித்தவர் அப்போதைய தலைமை நீதிபதி பி. சதாசிவம், ஈரோட்டுப் பக்கத்துக்காரர், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாகத் தொடங்கியவர். அரசியலமைப்புப் பதவி என்றால் ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்பதே விதியாக இருக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. நீதிபதி ஆவதற்கு 10 ஆண்டு வக்கீல் அனுபவம் தகுதி என்று கேட்கிறீர்கள் அல்லவா, அந்த 10 ஆண்டை ஓய்வூதியத்துக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். பிற்பாடு நாடாளுமன்றமும் சட்டத்தில் 14ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து இதை ஏற்றுக்கொண்டது. இதன் பலன் என்னவென்றால், பாரிலிருந்து வந்தவர் நாலே வருடம் இருந்தாலும் 10-ஐக் கூட்டினால் 14. 14-ஐ 96,524-ஆல் பெருக்கினால் 13,51,336. உச்சவரம்பைத் தாண்டிவிட்டது. முழு ஓய்வூதியம்.

அப்போது தராசின் ஒரு தட்டு நேராயிற்று. அடுத்த பத்து வருடத்துக்குள் இன்னொரு தட்டு யாரும் கவனிக்காமல் இறங்கிக்கொண்டிருந்தது.

மாவட்ட நீதிபதிகளின் பக்கத்தில் மூன்று ஓட்டைகள் விழுந்தன. முதலாவது, பணி முறிவு. மாவட்ட நீதிபதிக்கு ஓய்வு வயது வந்துவிடும், ஆனால் உயர் நீதிமன்ற நியமன ஆணை டெல்லியிலிருந்து வந்திருக்காது. கொலீஜியம் (நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழு), அரசு, உளவுத்துறை அறிக்கை, குடியரசுத் தலைவர் கையெழுத்து என்று கோப்பு சுற்றிக்கொண்டிருக்கும்போது அவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

நீதிபதி ராஜ் ராகுல் கார்க் வழக்கு இதற்குச் சரியான உதாரணம். அரியானா நீதித்துறையில் 1981 மே 11-ல் சேர்ந்தவர். 33 வருடத்துக்கு மேல் உழைத்து 2014 ஜூலை 31-ல் மாவட்ட நீதிபதியாக ஓய்வு பெற்றார். அதே ஆண்டு செப்டம்பர் 25-ல் பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்ற நீதிபதியாகப் பொறுப்பேற்றார். 2016 ஜூலை 4-ல் ஓய்வு. நடுவில் இருந்த இடைவெளி எட்டு வாரத்துக்கும் குறைவு. அந்த எட்டு வாரத்தைக் காட்டி, இது தொடர்ச்சியான பணி இல்லை, ஆகவே கடைசியாக வாங்கிய உயர் நீதிமன்றச் சம்பளத்தை அடிப்படையாக வைத்து ஓய்வூதியம் கணக்கிட முடியாது, மாவட்ட நீதிபதி சம்பளத்தில்தான் கணக்கிடுவோம் என்றது அரசுத் தரப்பு. 33 வருடமும் ஒன்றே முக்கால் வருடமும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றன.

சாதாரண ஊழியர் விஷயத்தில் இப்படி ஒரு கேஸ் எனக்குத் தெரியும். ஒரு துறையிலிருந்து விடுவிக்கப்பட்டு அடுத்த துறையில் சேர நடுவில் ஒரு ஞாயிறும் ஒரு பொங்கல் விடுமுறையும் வந்துவிட்டன. அந்த மூன்று நாளை முறைப்படுத்தி ஆணை வாங்க அவருக்கு ஆறு வருடம் ஆயிற்று. அதனால் கார்க் வழக்கைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: உயர் நீதிமன்ற நீதிபதிக்கும் இதே கதிதானா என்பது.

உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 15-ல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா அமர்வு. நியமன நடைமுறைக்கு ஆகும் நேரத்தால் விழுந்த இடைவெளியை நீதிபதியின் தலையில் கட்ட முடியாது, கடைசியாக வாங்கிய உயர் நீதிமன்றச் சம்பளமே ஓய்வூதியத்துக்கு அடிப்படை என்று சொன்னது. இதில் வெறும் பணக்கணக்கைத் தாண்டிய ஒரு விஷயமும் இருந்தது. பாரிலிருந்து வந்தவருக்கு முந்தைய 10 வருடத்தைக் கருணையோடு கூட்டிக்கொடுக்கும் சட்டம், மாவட்ட நீதிபதியாக உண்மையில் உழைத்த 33 வருடத்தைக் கழித்துவிடுகிறது என்றால், கீழ்க் கோர்ட்டுகளை நாம் எந்த இடத்தில் வைத்திருக்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. புதிய பென்ஷன் திட்டம்: மாதாமாதம் சம்பளத்தில் பங்களிப்பைப் பிடிப்பார்கள், அரசும் ஒரு பங்கு போடும், பழையபடி நிச்சயமான ஓய்வூதியம் கிடையாது. மத்திய அரசில் 2004 ஜனவரி முதல். தமிழ்நாட்டில் அதற்கும் முன்னாலேயே, 2003 ஏப்ரல் 1 முதல், பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் என்ற பெயரில். நம் ஊரில் சி.பி.எஸ். என்றால் ஆசிரியர் வீடுகளில் குழந்தைகூட முகம் சுளிக்கும். அதன்பிறகு மாவட்ட நீதித்துறையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய முறையில் ஓய்வூதியம் கிடையாது. வக்கீலாக இருந்து தேர்வெழுதி நேரடியாக மாவட்ட நீதிபதி ஆனவர்கள் பலர் இந்த வகை. 2020-ஐ ஒட்டி இவர்கள் உயர் நீதிமன்றத்துக்கு வர ஆரம்பித்ததும் அட்டவணை சிக்கிக்கொண்டது. மூன்றாம் பகுதி என்ன சொல்கிறது? பழைய பணியின் சாதாரண ஓய்வூதியம், அதோடு ஆண்டுக்கு 45,016. பழைய பணியில் அப்படி ஓய்வூதியமே இல்லையென்றால்? பூஜ்யத்தோடு 45,016-ஐக் கூட்டு. நாலு வருடத்துக்கு 1,80,064. மாதம் 15,005. ஆரம்பத்தில் போட்ட கணக்கு இதுதான்.

பாரிலிருந்து வந்து அதே நாலு வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவருக்கு மாதம் 1,12,500. இருவரும் ஒரே அமர்வில் உட்கார்ந்து ஒரே தீர்ப்பில் கையெழுத்துப் போட்டிருக்கலாம்.

பாட்னாவில் இது வேறு விதமாக வெடித்தது. மாவட்ட நீதித்துறையிலிருந்து வந்த ஏழு நீதிபதிகளின் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்குகளை, அதாவது ஜி.பி.எஃப். கணக்குகளை, முடக்கிவிட்டார்கள். நீங்கள் புதிய பென்ஷன் திட்டத்து ஆள், உங்களுக்கு ஜி.பி.எஃப். கிடையாது என்பது காரணம். 2023 பிப்ரவரியில் இதை எதிர்த்து அவர்கள் போட்ட மனு உச்ச நீதிமன்றத்தில் குறிப்பிடப்பட்டபோது, என்னது, நீதிபதிகளின் ஜி.பி.எஃப். கணக்கை மூடிவிட்டார்களா, மனுதாரர் யார் என்று தலைமை நீதிபதியே கேட்டார். பாட்னா உயர் நீதிமன்றத்தின் இன்னொரு நீதிபதிக்கு 2023 நவம்பரில் பதவியேற்றது முதல் 10 மாதத்துக்கு மேல் சம்பளமே வரவில்லை. சம்பளம் போட ஜி.பி.எஃப். எண் வேண்டும், அந்த எண் கிடையாது, ஆகவே சம்பளம் இல்லை. கடைசியில் 2024-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, தற்காலிகமாக ஒரு கணக்கைத் திறந்து சம்பளத்தைப் போடுங்கள் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. தினமும் பிறருக்கு நிலுவைச் சம்பளம் வழங்க உத்தரவு எழுதும் கை, தன் சம்பளத்துக்குக் காத்துக்கொண்டிருந்தது.

ஏழு பேர் வழக்கில் 2024 நவம்பரில் தீர்ப்பு வந்தது. உயர் நீதிமன்ற நீதிபதிகள் எங்கிருந்து வந்தாலும் ஒரே வகுப்பினர், அவர்களுக்குள் பிரிவு போட முடியாது, ஆகவே ஜி.பி.எஃப். உண்டு. இந்த ஒரே வகுப்பு என்ற சொல்தான் ஆறு மாதம் கழித்து வந்த பெரிய தீர்ப்புக்கு அடித்தளம்.

மூன்றாவது ஓட்டை, கூடுதல் நீதிபதிகள். 224-வது பிரிவின்படி வேலைப்பளுவைக் குறைக்க அதிகபட்சம் இரண்டு வருடத்துக்கு நியமிக்கப்படுபவர்கள். பெயரளவில் தற்காலிகம். நடைமுறையில் அநேகமாக எல்லோரும் இந்தப் படியில் ஏறித்தான் நிரந்தரம் ஆகிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அனுமதிக்கப்பட்ட 75 இடங்களில் 19 இடம் கூடுதல் நீதிபதிகளுக்கானது. 60 வயதில் கூடுதல் நீதிபதியாக வரும் ஒரு மாவட்ட நீதிபதி, நிரந்தரம் ஆவதற்கு முன்பே 62 ஆகி இறங்கிவிடலாம். அவர் ஓய்வூதியத்துக்கு நீதிபதியா இல்லையா? சட்டத்தின் 2-வது பிரிவு, நீதிபதி என்ற சொல்லில் கூடுதல் நீதிபதியும் அடக்கம் என்றுதான் சொல்கிறது. இருந்தும் பணம் தர வேண்டிய இடத்தில் அந்தச் சொல் சுருங்கிப்போனது.

இந்த ஓட்டை வழியாகத்தான் குடும்ப ஓய்வூதியமும் ஒழுகிப் போனது. இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் செய்திகளில் இதுதான் குறைவாக வந்தது.

சட்டத்தின் 17ஏ பிரிவு குடும்ப ஓய்வூதியத்துக்கானது. நீதிபதி பதவியில் இருக்கும்போது இறந்தாலும், ஓய்வுக்குப் பின் இறந்தாலும், இறந்த மறுநாள் முதல் அவருடைய சம்பளத்தில் பாதி குடும்பத்துக்கு. இன்றைய சம்பளத்தில் பாதி 1,12,500. ஆனால் இதன் வாலில் ஒரு நிபந்தனை தொங்குகிறது: எந்த நிலையிலும் குடும்ப ஓய்வூதியம், நீதிபதிக்குக் கிடைக்கக்கூடிய ஓய்வூதியத்தைத் தாண்டக் கூடாது. படிக்கும்போது நியாயமாகத்தான் படும். கணவர் வாங்கியிருக்கக்கூடியதைவிட மனைவி கூடுதலாக வாங்குவாரா என்ன? ஆனால் அந்தக் கணவரின் ஓய்வூதியம் 15,005 என்றால் மனைவிக்கும் அதுதான் கூரை. கூடுதல் நீதிபதிக்கு ஓய்வூதியமே இல்லை என்று வியாக்கியானம் செய்தால் மனைவியின் கூரை தரையோடு தரை. கணவருக்கு நடந்த கணக்குப் பிழை மனைவிக்கு வரும்போது பிழையாகத் தெரியாது, சட்டமாகத்தான் தெரியும்.

பணிக்கொடையிலும் இதே மாதிரி ஒரு முள். குறைந்தபட்சம் இரண்டரை வருடம் நீதிபதியாக இருந்திருந்தால்தான் பணிக்கொடை. கூடுதல் நீதிபதியின் காலமே இரண்டு வருடம்தானே. அதற்குள் மாரடைப்பு வந்து போய்விட்டால் குடும்பத்துக்குப் பணிக்கொடையும் இல்லை. சாதாரண அரசு ஊழியர் பணியில் இறந்தால், அவர் ஒரு வருடம்கூட முடிக்காமல் இறந்திருந்தாலும், குடும்பத்துக்கு ஏதோ ஒரு தொகை இறப்புப் பணிக்கொடையாகக் கிடைக்கும். கடைநிலை ஊழியரின் மனைவிக்கு இருந்த அந்தப் பாதுகாப்பு, உயர் நீதிமன்றக் கூடுதல் நீதிபதியின் மனைவிக்கு இல்லாமல் இருந்தது.

2025 மே தீர்ப்பு இவற்றையெல்லாம் ஒரேயடியாக அடைத்தது. அடிப்படைத் தர்க்கம் எளிமையானது. பதவியில் இருக்கும்போது எல்லோருக்கும் ஒரே சம்பளம், ஒரே சலுகை கொடுக்கிறீர்கள். அப்படியிருக்க, பதவியை விட்டு இறங்கியதும் அவர் வந்த வழியை வைத்துப் பிரிப்பது அரசியலமைப்பின் 14-வது பிரிவு சொல்லும் சமத்துவத்துக்கு விரோதம். இடைவெளி எவ்வளவு இருந்தாலும் முழு ஓய்வூதியம். புதிய பென்ஷன் திட்டத்தில் இருந்தவர்களுக்கும் முழு ஓய்வூதியம், மாநிலங்கள் அவர்களிடம் பிடித்த பங்களிப்பை அதில் சேர்ந்த ஆதாயத்தோடு திருப்பிக் கொடுக்க வேண்டும், மாநிலம் போட்ட பங்கு மாநிலத்துக்கே போகும். பணியில் இறந்தவர் கூடுதல் நீதிபதியாக இருந்தாலும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. குறைந்தபட்சப் பணிக்காலம் முடிந்ததா இல்லையா என்று பார்க்காமல் பணிக்கொடை உண்டு. விடுப்புச் சம்பளம், கம்யூடேஷன் (ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்வது), வருங்கால வைப்பு நிதி எல்லாம் சட்டப்படி.

சரி, இதில் எனக்கு உடன்பாடு எவ்வளவு தூரம்?

பணி முறிவு, புதிய பென்ஷன் திட்டம், குடும்ப ஓய்வூதியம், பணிக்கொடை, இந்த நாலிலும் மறுபேச்சே இல்லை. நெருடுவது ஒரு இடம்தான். எத்தனை வருடம் பணியாற்றினாலும் முழு ஓய்வூதியம் என்பது. அட்டவணையில் நாடாளுமன்றம் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு வீதம் போட்டு வைத்திருக்கிறது. 13.5 லட்சம் அதில் உச்சவரம்பு, அதற்கு மேல் போகக் கூடாது என்று போட்ட கோடு. தீர்ப்புக்குப் பிறகு அந்தக் கோடே எல்லோருக்குமான தொகை ஆகிவிட்டது. பாரிலிருந்து வந்து இரண்டு வருடம் இருந்தவருக்கு, 10-ஐக் கூட்டி 12 வருடம், பழைய கணக்கில் 11,58,288 வந்திருக்கும். 12 வருடம் இருந்தவருக்கு 13.5 லட்சம். இப்போது இருவருக்கும் ஒன்றுதான். வேறுபாட்டை எந்த அடிப்படையில் செய்வது என்பதில் நீதிமன்றம் சொன்னது சரி. வேறுபாடே கூடாது என்பது கொள்கை முடிவு, அதை எழுத வேண்டிய இடம் நாடாளுமன்றம் என்று வாதிட இடமிருக்கிறது.

மறுபக்கமும் ஒன்று உண்டு. பதவியில் இருக்கும்போது எல்லோருக்கும் ஒரே சம்பளம். எத்தனை வருடம் இருந்தீர்கள் என்று கேட்டு அதைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை. ஆகவே ஓய்வூதியத்தில் மட்டும் வருடத்தை எண்ணிக்கொண்டிருப்பதற்கு வலுவான காரணம் சொல்வதும் கஷ்டம்தான்.

தங்களுக்கான வழக்கைத் தாங்களே தீர்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டை எப்படிப் பார்ப்பது? இந்த நாட்டில் இதை விசாரிக்க வேறு மன்றம் கிடையாது. உயர் நீதிமன்றம் விசாரித்தால் அது இன்னும் நேரடியான சுயநலம். உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தவர்களே என்றாலும், அவர்களுடைய ஓய்வூதியம் வேறொரு சட்டத்தின் கீழ் வருகிறது. எனக்கு உறுத்துவது அது அல்ல. தனியார் நிறுவனத்தில் காலமெல்லாம் உழைத்தவருக்கு இ.பி.எஸ். என்ற தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். சி.பி.எஸ்.-ஸில் சேர்ந்த ஆசிரியர்களும் எழுத்தர்களும் எத்தனை முறை தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள். புதிய பென்ஷன் திட்டம் ஒரு நீதிபதியை 15,005-க்கு இறக்கிவிடும் என்று நீதிமன்றத்துக்குத் தெரிந்த அதே விஷயம், அவர்களுக்கு 20 வருடமாகத் தெரியும். அவர்கள் அரசியலமைப்புப் பதவியில் இல்லை என்பதால் இந்தத் தீர்ப்பு அவர்களுக்குப் பொருந்தாது. சட்டப்படி அது சரியான பதில். மாநிலத்துக்கு 13 வருடம் பங்களிப்பு செலுத்திய ஒரு மாவட்ட நீதிபதி உயர் நீதிமன்றத்துக்கு வந்தால் அந்தப் பணம் திரும்ப வரும், அவருடைய கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தவருக்கு வராது.

ஓய்வூதியச் சட்டங்களில் ஒரு சொல் எவ்வளவு விலை போகும் என்பதற்கு இங்கேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. 80 வயதானால் ஓய்வு பெற்ற நீதிபதிக்கும் குடும்ப ஓய்வூதியம் வாங்குபவருக்கும் 20 சதவீதம் கூடுதல். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறைத் தொட்டால் இரட்டிப்பு. 80 வயது என்றால் 79 முடிந்து 80 தொடங்கும் நாளா, 80 முடியும் நாளா? தொடங்கும் நாள்தான் என்று 2018-ல் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் ஒரு ஓய்வு பெற்ற நீதிபதியின் வழக்கில் சொன்னது. 1,12,500-ல் 20 சதவீதம் 22,500, வருடத்துக்கு 2,70,000 ரூபாய். ஒரு தலைக்கு இவ்வளவு. அரசு சும்மா இருக்கவில்லை. 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் திருத்தச் சட்டம் நிறைவேறியது: அந்த வயதை முடிக்கும் மாதத்தின் முதல் தேதியிலிருந்துதான். நீதிமன்றம் கொடுத்ததைச் சட்டம் எடுத்துக்கொள்ள முடியும் என்பதையும் இந்தத் துறையில் இருப்பவர்கள் மறப்பதில்லை.

கடைசியாக, குடும்ப ஓய்வூதியத்தில் இன்னொரு வரி. சம்பளத்தில் பாதி என்று சொன்னேன் அல்லவா, அது என்றென்றைக்கும் இல்லை. ஏழு வருடம், அல்லது உயிரோடு இருந்திருந்தால் நீதிபதிக்கு 65 வயது ஆகியிருக்கும் நாள், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவரைதான் 50 சதவீதம். அப்புறம் 30 சதவீதம். 60 வயதில் ஒரு நீதிபதி இறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடத்துக்கு அவர் மனைவிக்கு மாதம் 1,12,500-ம் அதற்குரிய அகவிலைப்படியும் வரும். ஆறாவது வருடத்தின் முதல் மாதம் வங்கியில் புத்தகத்தைப் பதியும்போது 67,500 என்று இருக்கும். அதே நீதிபதி பிழைத்து, ஓய்வு பெற்று, 75 வரை இருந்திருந்தால் 1,12,500 ஒரு ரூபாய் குறையாமல் வந்துகொண்டிருந்திருக்கும். பல வாசல்களை ஒன்றாக்கிய தீர்ப்பின் உத்தரவுகளில் இந்தப் படியிறக்கம் பற்றி ஒரு வரியும் இல்லை.